பறவை தலைகீழாகப் பறக்கக் கூடாது



மேசை மேல் இருக்கும் துணியைப் பாருங்கள். தொட்டும் பாருங்கள். மொடமொடப்பாக இருக்கிறதா? இது கானா நாட்டுத் துணி. கானா, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. நம் மையத்துக்கு வரும் ஓர் அக்காவின் மகன் அங்கே வேலை பார்க்கிறார். அவர் அனுப்பியது 6 கெஜம். இதில் மருமகளுக்கு உடம்போடு ஒட்டிய மேல்சட்டை தைக்க வேண்டும். அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற மாதிரியே வேண்டுமாம். அங்கே அதைக் 'காபா' என்பார்கள். வெட்டுவதில் தவறினால் இதே துணிக்கு நாம் எங்கே போவது? அதனால்தான் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் இந்தப் பேச்சு.

இந்தத் துணிக்கு ஒரு கதை உண்டு. ஜாவா தீவில் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் வேலை பழமையானது. அதை டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் செய்து பார்த்தார்கள். ஜாவாவில் அது சரியாக விலை போகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நன்றாக விற்றது. உருக்கிய பிசினைத் துணியின் இரண்டு பக்கமும் அச்சிடுவார்கள். பிசின் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிசின் வெடித்த இடத்தில் மெல்லிய கோடுகள் விழும். இதோ, இந்தக் கோடுகள்தான்.

துணிக்குப் பெயர் வைப்பது சந்தையில் விற்கும் பெண்கள். பறவை போட்ட ஒரு துணிக்குப் 'பணத்துக்குச் சிறகு உண்டு' என்று பெயர் வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் அந்தத் துணியைப் பார்த்ததும் பொருளைப் படித்துவிடுவார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் துணியைத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

அடுத்து அளவு. மனக்கணக்கு வேண்டாம். நோட்டில் எழுதுங்கள். 36 என்பதை 63 என்று எழுதினால் சட்டை கூடாரம் ஆகிவிடும்! மருமகளின் மார்புச் சுற்றளவு 36 அங்குலம். மூச்சு விட, கை தூக்க 2 அங்குலம் கூட்டுங்கள். 38 ஆயிற்று. நான்கால் வகுத்தால் ஒன்பதரை. தையலுக்கு 1 அங்குலம். ஆக, பத்தரை. இடுப்பு 30. அதோடு 2 சேர்த்தால் 32. நான்கில் ஒரு பங்கு 8. டாட் பிடிக்க 1, தையலுக்கு 1. ஆக, 10. நம் ரவிக்கைக்குப் போடும் கணக்குதான் இது. ஆனால் இந்தத் துணி இழுபடாது. கூட்டிய அந்த 2 அங்குலத்தில் கஞ்சத்தனம் காட்டினால் உட்காரும்போது தையல் பிரியும். பின்பக்கம் நடுவில் ஜிப் வரும். அங்கேயும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் விட வேண்டும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். இந்தத் துணியில் பறவைகள் எல்லாம் மேல்நோக்கிப் பறக்கின்றன. துணியை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டினால், முதுகில் பறவை தலைகீழாக விழும். முன்துண்டின் நடுக்கோட்டில் ஒரு பறவை சரியாக வரும்படி துணியை மடியுங்கள். பெரிய வட்டமோ பூவோ மார்பின் முனையில் வந்து உட்காரக் கூடாது. பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். நான் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்!

கைத்துண்டு இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அச்சான மலிவுத் துணியில் இது நடக்காது.

காபாவின் அழகு இடுப்புக்குக் கீழே விரியும் கொசுவத்தில் இருக்கிறது. இதை வட்டமாகவும் வெட்டலாம். வட்டமாக வெட்டினால் முன்னால் பறவை நிமிர்ந்திருக்கும். பின்னால் கவிழ்ந்துவிடும். பூத்துணிக்கு அது பரவாயில்லை. இதற்கு ஆகாது. அதனால் நீளத் துண்டாக வெட்டிச் சுருக்கு வைப்போம். இடுப்பு 32 அல்லவா? அதைப் போல் ஒன்றரை மடங்கு, 48 அங்குலம். தையலுக்குக் கொஞ்சம் கூடுதல். துணியின் அகலம் சுமார் 46 அங்குலம்தான். ஆகவே இரண்டு துண்டாக வெட்டி, பக்கவாட்டில் இணைப்போம்.

உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுங்கள். டாட்டை இஸ்திரி போட்டுப் படிய வைத்த பிறகே அடுத்த தையலுக்குப் போங்கள். சிலர் கடைசியில் மொத்தமாக இஸ்திரி போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மொடமொடத் துணியில் அப்புறம் மடிப்பு படியாது.

நாளைக்கு யாராவது ஒரு பழைய வேட்டி கொண்டு வாருங்கள். முதலில் அதில் வெட்டி, மருமகளுக்குப் போட்டுப் பார்ப்போம். இஞ்சு டேப், சாக்பீஸ், நோட்டு, பென்சில் எல்லோரும் எடுத்து வர வேண்டும். அளவைக் கூப்பிட்டுச் சொல்வது நான். எழுதுவது நீங்கள்.