ராஜவீதிகளின் வாய்மொழி வரலாறு

வாய்மொழி வரலாறு என்பது, ஒருவர் தம் வாழ்நாளில் தாமே கண்டதையும் பட்டதையும் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல, அதைச் சொல் மாறாமல் ஒலிப்பதிவு செய்து, எழுத்திலும் பெயர்த்துப் பாதுகாக்கும் முறையாகும். கல்லூரி மாணவர்கள் இம்முறையைப் பழகுவதற்குப் புதுக்கோட்டையைப் போலப் பொருத்தமான களம் அரிது.

தொண்டைமான் மன்னர்களின் தலைநகரான இந்நகர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயப் பிரதிநிதி மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனைப்படி திட்டமிட்டுப் புதிதாக அமைக்கப்பட்டது. அரண்மனையைச் சுற்றி நான்கு ராஜவீதிகளும், அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என எண்ணிட்ட தெருக்களும் நேராக ஓடுகின்றன. 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய சேஷய்ய சாஸ்திரி குளங்களைச் சீர்படுத்தினார். 1938-க்கும் 1944-க்கும் இடையில் வெளிவந்த சமஸ்தான மானுவல், அதாவது அரசின் விவரத் தொகுப்பு, ஆட்சியின் கதையை விரிவாகச் சொல்கிறது. குளத்தின் எந்தப் படித்துறையில் யார் இறங்க முடிந்தது, நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய அம்மன் காசு எந்த வீட்டுக் கைகளுக்கு வந்தது என்பவற்றையோ தெருவில் வாழ்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்ததை நேரில் நினைவுகூரக்கூடியவர்கள் எண்பதைக் கடந்துவிட்டதால், இப்பணி இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இணைப்பைப் பற்றிய கருத்தைக் கேட்டால் செய்தித்தாளில் படித்ததே பதிலாக வரும்; "அப்பத்தா, அப்ப வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு, யாரு சுமந்தா?" என்று கேட்டால் கிணறும் குடமும் அண்டை வீட்டுச் சண்டையும் சேர்ந்து வரும். பெரியவர் ஆண்டை மாற்றிச் சொன்னால் திருத்திவிட மாணவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தப் பிழைக்கும் பொருள் உண்டு. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற தொழிலாளி 1949-இல் போலீசாரால் கொல்லப்பட்டதை, அந்நகரத்தார் பலர் 1953-இன் ஆலை ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தனர். அதை ஆராய்ந்த அலெஸாண்ட்ரோ போர்த்தெல்லி, அந்தப் பிழையே மக்களுக்கு எது ஆறாத காயமாக இருந்தது என்பதற்குச் சான்று என்று காட்டினார். ஆகவே சொன்னதைச் சொன்னபடி எழுதி, சரியான ஆண்டை அடிக்குறிப்பில் தருவதே முறை.

வீதிகளின் ஒழுங்குக்கு வெளியே குடியிருந்து, வீதிகளைக் கூட்டியும் சுமை தூக்கியும் வாழ்ந்தவர்களை விட்டுவிட்டால் பதிவு மறுபடியும் அரண்மனையின் கணக்காகவே முடியும். 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற மாவட்டத்துப் பெண்களிடமும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். பதிவின் ஒரு படி கல்லூரி நூலகத்துக்கு உரியது. மற்றொரு படி, பேசியவரின் இசைவைப் பெற்ற பின், அவர் வீட்டுக்கே உரியது.