வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

உயிருக்கு ஆபத்தான விளையாட்டை அரசு தடுக்கலாமா? இந்தக் கேள்வியை ஜல்லிக்கட்டை வைத்தே பார்க்கலாம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள், சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இத்தனை ஆண்டுகளும் நீதிமன்றத்தில் முன்னால் நின்றது மாட்டின் வதை. அது நியாயமே, சம்மதம் சொல்ல மாட்டுக்கு வழியில்லை. ஆனால் மனித உயிரைப் பற்றிய கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது.

திமிலைப் பிடிக்க இறங்கும் வயது வந்தவருக்குக் கொம்பின் கூர்மை தெரியும். அவரை அரசு தடுக்கக் கூடாது என்பதே என் வாதம். அரசு காக்கவேண்டியது அந்த ஆபத்தைத் தேர்ந்தெடுக்காதவர்களை. 2024 பொங்கலையொட்டி சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி இருவர் இறந்தனர், ஒருவன் சிறுவன். அவன் மாடு பிடிக்க வந்தவன் அல்லன். மஞ்சுவிரட்டில் காளைகள் திறந்த பொட்டலில் ஓடும். வாடிவாசல் வைத்து நடத்தும் ஊர்களிலோ இரட்டைத் தடுப்பு, தேங்காய் நார் பரப்பிய களம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் வந்துவிட்டன. அங்கேயும் களத்தைத் தாண்டி ஓடும் காளையை உரிமையாளர் கயிறு போட்டுப் பிடிக்கும் வரை ஆபத்து தீர்வதில்லை. வேலி அதுவரை நீளவேண்டும்.

தடையே போட்டுவிட்டால் என்ன என்பார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையை நார்வே 1981இல் தடைசெய்தது. அந்நாட்டு வீரர்கள் வெளிநாடு போய்ச் சண்டையிட்டார்கள். 2014இல் தடையை விலக்கினார்கள். 1982இல் லாஸ் வேகாஸில் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14ஆம் சுற்றில் விழுந்து, சில நாட்களில் இறந்தார். அதையடுத்து உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளில் 15 சுற்றை 12 ஆக்கியது. ஆட்டம் தொடர்ந்தது, விதி மாறியது. நான் கேட்பதும் அதைத்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. காரையும் பைக்கையும் பரிசாகக் காட்டினால், கையில் காசில்லாத இளைஞன் இறங்குவதைச் சுதந்திரமான முடிவு என்று சொல்லமுடியுமா? முழுதாகச் சொல்லமுடியாது. ஆனால் வறுமையைக் காரணம் காட்டி அவனுக்கு மட்டும் களத்தை மூடினால், அவனுடைய வீரத்தையும் சேர்த்தே பறிக்கிறோம். அவன் விழுந்தால் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். பதிவுசெய்த ஒவ்வொரு மாடுபிடி வீரருக்கும் காப்பீடு கட்டிய ரசீதை விழாக் குழு நீட்டிய பிறகே ஆட்சியர் அனுமதியில் கையெழுத்திடட்டும்.