உடலுக்கு மறுமொழி கூறும் பொருள்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மனிதன் அசைந்தால் அவ்வசைவிற்கு மறுமொழி தரும் கருவிகளையும் கட்டடங்களையும் விளையாட்டுகளையும் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். கேட்ட அளவில் இது முற்றும் புதுமையான பொருள் எனத் தோன்றும். ஆயினும் இதற்குத் தலைசிறந்த சான்று ஒன்று, நம் குடியிருப்பின் வாயிலில் பேருந்து ஏறினால் சென்று சேரக்கூடிய தொலைவிலேயே நிற்கின்றது. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு நாமெல்லோரும் ஒரு முறையேனும் சென்று வந்த ஜந்தர் மந்தரையே குறிப்பிடுகிறோம்.

ஜயசிங் மன்னர் 1724-ஆம் ஆண்டில் டில்லியில் அமைத்த இவ்வானாய்வுக் கூடத்தில், கண்ணாடி வில்லை பொருத்திய தொலைநோக்கி ஒன்றுமில்லை. கட்டடமே கருவி. அக்கருவியின் மற்றொரு பாதி மனித உடல். ஜெயப்பிரகாச யந்திரம் என்பதைப் பாருங்கள். அரைக்கோள வடிவில் இரண்டு பெருங்கிண்ணங்கள் நிலத்தில் குழிந்து கிடக்கின்றன. வாயின் குறுக்கே கட்டிய கம்பிகளின் நிழல் உட்பரப்பில் விழும். விழுந்த இடத்தைக் கொண்டு ஞாயிறு வானில் நிற்கும் நிலையை அறிவர். இரவில் நிழல் ஏது? அதற்காகவே கிண்ணத்தின் பரப்பை இடையிடையே அறுத்து, ஆள் இறங்கி நடக்கும் வழிகளை விட்டிருக்கின்றனர். நோக்குபவர் அவ்வழியே இறங்கி, பரப்பின் விளிம்பில் கண்ணை வைத்து, கம்பிகள் கூடும் இடத்தின் வழியே விண்மீனைப் பார்ப்பார். ஒரு கிண்ணத்தில் வெட்டி விட்ட பகுதி மற்றொன்றில் பரப்பாக இருக்கும். ஆகவே நேரம் செல்லச் செல்ல அவர் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் மாறி நிற்க வேண்டும். ஏறுதலும் இறங்குதலும் குனிதலுமே அங்கே கணிதம் ஆயின.

இதைக் கண்டு வியந்தோர் பலர். அவர்களுள் இசாமு நோகுச்சி என்னும் ஜப்பானிய அமெரிக்கச் சிற்பியும் ஒருவர். 1949-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தவர், இக்கட்டடங்களைப் பலவாறு படம் பிடித்துச் சென்றார். இவர் 1933-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரத்துச் சிறுவர்க்காக 'விளையாட்டு மலை' ஒன்றை வகுத்திருந்தார். ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் நிறுத்துவதற்கு மாறாக, நிலத்தையே படியும் சரிவுமாக வனைந்து, சிறுவர் ஏறவும் சறுக்கவும் விடுவது அவர் எண்ணம். நகரப் பூங்காக்களின் அதிகாரியாக இருந்த ராபர்ட் மோசஸ் அதை ஏற்கவில்லை. ஜப்பானின் சப்போரோ நகரில், குப்பை கொட்டிய நிலத்தின்மேல் எழுந்த மோயெரெனுமா பூங்காவில் அம்மலை 30 மீட்டர் உயரத்தில் உருப்பெற்றது. பூங்கா முழுவதும் திறக்கப்பட்டது 2005-இல். சிற்பியோ 1988-லேயே மறைந்துவிட்டார். சிறுவர்க்கென ஓர் இடம் கேட்டால் அதிகாரிகள் மனம் இளகுவதற்கு எத்துணைக் காலம் ஆகிறது பாருங்கள்!

எல்லா நகரமும் அப்படியன்று. ஆம்ஸ்டர்டாம் நகரின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். போர் முடிந்த காலம். நகராட்சியின் பணியில் இருந்த ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர், 1947-ஆம் ஆண்டில் பெர்டல்மான்பிளெயின் என்ற சிறு சதுக்கத்தில் விளையாடும் இடம் ஒன்றை அமைத்தார். அகன்ற விளிம்புடைய ஒரு மணற்குழி, சில கற்கள், கவிழ்ந்து சுழல்வதற்கு இரும்புக் கம்பிகள், அமர்வதற்குப் பலகைகள், இவ்வளவே. யானைத் தும்பிக்கை போன்ற சறுக்கு, ஒட்டகம் போன்ற ஏணி முதலியவற்றை அவர் விரும்பவில்லை. யானையாகச் செய்து வைத்தால் அது யானையாகவே இருக்கும். வெறும் வளைந்த கம்பியாக இருந்தால், காலையில் மலை, மாலையில் வீடு, மறுநாள் பலர் கூடி அமர்ந்து பேசும் திண்ணை. கற்களின் இடைவெளியையும் அவர் எண்ணிப் பார்த்தே வைத்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும் சிறுவனின் கால் தன் அளவைத் தானே கற்றுக்கொள்ளும்.

அடுத்து நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. இதைக் கண்ட பிற தெருக்களில் குடியிருப்போர், தங்கள் பகுதிக்கும் அத்தகைய இடம் வேண்டுமென்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினர். தெருமுனைகளிலும், வீடுகள் இடிந்து வெறுமையாய்க் கிடந்த மனைகளிலும் ஒவ்வொன்றாக எழுந்து, 1978-ஆம் ஆண்டிற்குள் எழுநூறுக்கு மேற்பட்ட இடங்கள் அமைந்தன. பெரும்பாலானவை மிகச் சிறியவை. நம் குடியிருப்பின் நடுத்திடலில் ஒரு பகுதிதான் இருக்கும்.

இனி மின்னணுக் கருவிகளுக்கு வருவோம். மைரன் குரூகர் என்னும் அமெரிக்கர் 1970-களில் 'வீடியோபிளேஸ்' என்ற ஓர் அறையை உருவாக்கினார். அறையில் நிற்பவரின் நிழலுரு திரையில் தோன்றும்; அவர் கையை அசைத்தால் திரையிலுள்ள உருவங்கள் அதற்கேற்ப நடந்துகொள்ளும். இவ்வெண்ணம் வீடுதோறும் வந்தது பிற்காலத்தில். 2006-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' வந்தது. கையிலுள்ள கோலின் அசைவை அது உணரும், டென்னிஸ் ஆடலாம். ஆனால் நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சொடுக்கினாலும் பந்து பறக்கும் என்பதைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டனர். 2010-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'கினெக்ட்' வந்தது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அது அறையெங்கும் தெளிக்கும். அவை விழும் இடங்களின் பிறழ்ச்சியைக் கொண்டு எது அருகில், எது தொலைவில் எனக் கணித்து, நிற்பவர் உடலில் இருபது மூட்டுகளைக் கண்டுகொள்ளும். போற்றத்தக்க அறிவுதான். நோயுற்றோர்க்குக் கைகால் பயிற்சி அளிக்க மருத்துவர்களும் அதனைப் பயன்படுத்தினர். எனினும் 2017-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது.

கருவியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இருபது மூட்டுகளை அறிந்த அது, காலடியில் மண் வழுக்குவதை அறியாது. வளைந்த கம்பியில் இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறுவதை அறியாது. பாண்டி ஆடும் சிறுமி கோட்டை மிதித்தாளா, இல்லையா என்று நான்கு பேர் கூடி வாதாடுவார்களே, அவ்வழக்கிற்கு அதனிடம் இடமே இல்லை. மிதித்தது மிதித்ததே எனத் தீர்ப்புக் கூறிவிடும். நம் பிள்ளைகள் பாண்டியைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குழந்தைகளோடு 'ஸ்டாப்பூ' என்று ஆடுகின்றனர். அவ்வாதத்தில் அவர்கள் கற்ற இந்தி, பள்ளியில் கற்றதைவிடக் கூர்மையானது.

2009-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரின் ஓடன்பிளான் நிலையத்தில், மாடிப்படிகளைப் பியானோக் கட்டைகளைப் போல ஆக்கி, மிதித்தால் இசை எழச் செய்தனர். நகரும் படியை விட்டு 66 விழுக்காட்டினர் கூடுதலாக இப்படிகளில் ஏறினர் என்று அதனை நடத்தியோர் அறிவித்தனர். நடத்தியது ஒரு கார் நிறுவனம் என்பது வேடிக்கை. நம்மவர்க்கு இது புதிதன்று. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் கோயிலில், பலிபீடத்தின் கற்படிகள் இசை எழுப்புவன.

கார் என்றதும் உள்ளூர்ச் செய்தி நினைவிற்கு வருகின்றது. நம் குடியிருப்பின் நடுத்திடலில் பாதியை வண்டி நிறுத்தும் இடமாக்கவும், அதற்கு ஈடாகச் சமுதாயக் கூடத்தில் அசைவறியும் திரை விளையாட்டு ஒன்றை வாங்கி வைக்கவும் ஒரு யோசனை எழுந்துள்ளதை அறிவீர்கள். வண்டிக்கு இடம் வேண்டும் என்பது பொய்யன்று. இவ்வவையில் வண்டி இல்லாதார் குறைவு. இரவு வேலை முடிந்து திரும்புவோர் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றுவதையும் கண்டிருக்கிறோம். ஆனால் பின்மதிலை ஒட்டிப் பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த நீண்ட மனை இன்றும் வெறுமையாகவே கிடக்கின்றது. சற்று நடக்க வேண்டும்; நடப்பதில் நமக்குக் கேடில்லை. திரை வேண்டுமாயின் அதுவும் வரட்டும். முழங்கால் வலியால் திடலுக்கு வர இயலாத மூத்தோர்க்கு அது உதவும். திடலுக்கு மாற்றாக மட்டும் அது வர வேண்டா.

ஆம்ஸ்டர்டாம் மக்கள் எழுதியது போன்ற ஒரு கடிதத்தை நாமும் எழுதியிருக்கிறோம். மணற்குழி ஒன்று, மூன்று உயரங்களில் வளைகம்பிகள், தாவுவதற்குக் கற்கள், தாய்மார் அமர ஒரு நீண்ட திண்ணை ஆகியவற்றைக் கேட்டு, வரைபடமும் இணைத்துள்ளோம். கம்பி வளைக்கவும் பற்று வைக்கவும் தெரிந்தவர்கள் நம் உறுப்பினரிடையே இருப்பதால், செலவில் பெரும்பகுதி பொருளுக்கே ஆகும். கற்களின் இடைவெளியைக் குறிக்க, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தைகளோடு திடலுக்கு வாருங்கள். அவர்கள் தாவும் தொலைவை அளந்தே கோடிடப் போகிறோம். கடிதம் காப்பி வழங்கும் மேசையின் மேல் இருக்கின்றது. பேனாவும் அருகிலேயே உண்டு.