பயமே ஆதிக்கத்தின் மூலதனம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு ஆங்கில நாவலைப் பற்றியது. வில்லியம் கோல்டிங் என்பவர் 1954-ல் எழுதிய 'லார்ட் ஆப் தி பிளைஸ்' என்பது அதன் பெயர். தமிழில் 'ஈக்களின் எஜமான்' என்று சொல்லலாம். பைபிளில் வரும் ஒரு சாத்தானின் பெயருக்கு அதுதான் அர்த்தமாம். இதை எழுதியபோது அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். பிறகு 1983-ல் நோபல் பரிசு பெற்றார். கதை கேட்டுப் பொழுதுபோக்குவதற்காக நாம் இதைப் பேச வரவில்லை. ஒரு பொய்ப் பயம் எப்படிப் பிறக்கிறது, அதை வைத்து ஒருவன் எப்படி எஜமானனாகிறான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் புத்தகங்கள் அதிகமில்லை. ஆனால் அதன் முடிவு நமக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சொல்லவே வந்தோம்.

கதை இதுதான். ஒரு பெரிய யுத்தம் நடக்கிறது. இங்கிலீஷ் சிறுவர்களை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்து, பெரியவர்கள் யாருமில்லாத ஒரு தீவில் அவர்கள் அகப்பட்டுக் கொள்ளுகிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவன் எவனும் இல்லை. சங்கை ஊதிக் கூட்டம் கூட்டுகிறார்கள். சங்கு யார் கையிலிருக்கிறதோ அவன் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று சட்டம் செய்கிறார்கள். தலைவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றவுடன் ஜாக் என்ற பையன் எழுந்து, தானே தலைவனாக வேண்டும் என்கிறான். அவன் சொன்ன யோக்கியதை என்ன தெரியுமா? தான் கோயில் பாட்டுக் கோஷ்டியின் தலைவனாம், உயர்ந்த ஸ்வரத்தில் பாடத் தெரியுமாம்! தீவில் சோற்றுக்கு வழியில்லை, குடிசையில்லை. இந்த நிலையில் ஸ்வரம் பாடுகிறவனுக்குத் தலைமைப் பதவி பாத்தியமாம். நல்ல வேளையாகப் பையன்கள் ரால்ப் என்பவனுக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட, குண்டான, இழுப்பு நோயுள்ள பையன் ஒருவன் இருக்கிறான். ஆதியிலிருந்து அறிவோடு பேசுகிறவன் அவனே. அவனுடைய கண்ணாடியில்தான் எல்லோருக்கும் நெருப்பு உண்டாகிறது. ஆனால் புத்தகம் முடிகிற வரையில் அவன் உண்மைப் பெயர் என்னவென்று ஒருவன்கூடக் கேட்பதில்லை. 'பன்றிக்குட்டி' என்ற பரிகாசப் பெயரோடேயே அவன் சாகிறான். யோசிக்கச் சொல்லுகிறவனுக்கு உலகம் கொடுக்கிற மரியாதை இதுதான் போலும்!

இனிப் பயத்தின் சங்கதிக்கு வருவோம். ஒரு சிறு பையன் இருட்டில் பாம்பு மாதிரி ஏதோ மிருகத்தைப் பார்த்ததாக அழுகிறான். அப்படியொன்றும் இல்லை என்று ரால்ப் சொல்லுகிறான். ஜாக்கும் இல்லை என்றுதான் சொல்லுகிறான். ஆனால், இருந்தால் நாங்கள் வேட்டையாடிக் கொல்லுவோம் என்று ஒரு வால் சேர்க்கிறான். தோழர்களே! இந்த வாலைக் கவனியுங்கள். 'இல்லை' என்பதோடு நிறுத்தினால் பயம் போய்விடும், காவற்காரன் வேண்டியதில்லை. 'இருந்தால் நான் இருக்கிறேன்' என்றவுடனே பயமும் நிலைத்தது, காவற்காரனுக்கு உத்தியோகமும் நிலைத்தது.

பிறகு இன்னொரு இரவில் கூட்டம் நடக்கிறது. பேய் உண்டா இல்லையா என்று கைதூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கிறார்கள்! இருட்டிலே பல கைகள் உயருகின்றன. பயத்தை விசாரிக்கும் கூட்டத்தைப் பகலில் நடத்தியிருக்க வேண்டும் என்று ரால்ப் பிறகு வருந்துகிறான். ஆனால், ஒரு பொருள் உண்டா இல்லையா என்பது கைகளின் எண்ணிக்கையாலா தீரும்? ஆயிரம் பேர் கை தூக்கினால் இல்லாத பேய் வந்துவிடுமா?

அன்றிரவே ஆகாயத்தில் நடந்த சண்டையில் செத்த ஒரு சிப்பாய் பாராசூட்டோடு மலை உச்சியில் விழுகிறான். காற்றடிக்கும்போது பிணம் நிமிர்கிறது, சாய்கிறது. அதை அரைகுறையாகப் பார்த்துவிட்டு எல்லோரும் ஓடிவந்து, மிருகம் இருப்பது நிச்சயம் என்கிறார்கள். ஜாக் தன் கூட்டத்தோடு பிரிந்து போகிறான். ஒரு பன்றியைக் கொன்று, அதன் தலையைக் கம்பில் குத்தி, மிருகத்துக்குக் காணிக்கையாக வைக்கிறான். கறி இவர்களுக்கு, தலை மிருகத்துக்கு! அந்தக் காணிக்கையை அனுபவித்தவை ஈக்கள்தான்.

சைமன் என்ற ஒரே பையன் மட்டும் மலைமேல் ஏறிப் போய்ப் பார்க்கிறான். செத்த மனிதன் என்று தெரிந்ததும், மற்றவர்களுக்குச் சொல்ல இறங்கி வருகிறான். அப்போது இடியும் மழையுமான இருட்டில் எல்லோரும் வெறிக்கூத்து ஆடிக் கொண்டிருக்கிறார்கள். மிருகம் இல்லை என்று சொல்ல வந்தவனையே மிருகம் என்று அடித்துக் கொல்லுகிறார்கள். அந்தக் கூத்தில் நல்லவனான ரால்பும் இருந்தான் என்பதை மறைக்கக் கூடாது.

மறுநாள்தான் புத்தகத்தின் உயிர்நிலை. நாம் அதைக் கொன்றுவிட்டோம் அல்லவா என்று ஒரு பையன் கேட்கிறான். ஜாக் இல்லவே இல்லை என்கிறான். மிருகம் வேஷம் போட்டு வந்ததாம், அதைக் கொல்ல முடியாதாம், மறுபடியும் வருமாம், ஆகவே வேட்டையில் ஒரு பங்கு அதற்கு வைக்க வேண்டுமாம். கொல்லுவேன் என்று சொல்லித்தானே இவன் தலைவனானான்? ஆனால் மிருகம் செத்துப் போனால் இவன் எதற்கு? ஆகவே மிருகத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறவன் வேட்டைக்காரனே ஆகிறான். ஒரு பையனைக் காரணம் சொல்லாமலே கட்டிப் போட்டு அடிக்க உத்தரவிடுகிறான், ஏன் என்று கேட்க ஆளில்லை. கண்ணாடியைத் திருடுகிறார்கள். அதைத் திருப்பிக் கேட்கச் சங்கோடு வந்தவனைப் பாறையை உருட்டிக் கொல்லுகிறார்கள். சங்கும் தூள் தூளாகிறது.

கடைசியில் ரால்பை வேட்டையாடத் தீவுக்கே தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைக் கண்டு ஒரு கடற்படை அதிகாரி வந்து, இங்கிலீஷ் பையன்களா இப்படி நடந்து கொள்ளுவது என்று கேட்கிறார். அவரோ மனிதர்களை வேட்டையாடும் யுத்தக் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்!

இது வரையில் ஆசிரியருக்கு நாம் நன்றி சொல்லுகிறோம். 1857-ல் பாலன்டைன் என்பவர் 'பவழத் தீவு' என்று ஒரு கதை எழுதினார். அதில் வெள்ளைக்காரப் பையன்கள் உத்தமர்கள். கொடுமையெல்லாம் தீவு ஜனங்களுடையது. கிறிஸ்தவரானால் அவர்களும் திருந்துவார்கள். ராலப், ஜாக் என்ற பெயர்களை அதிலிருந்தே எடுத்து, அந்த இனத் திமிரைக் கோல்டிங் கவிழ்த்துவிட்டார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கடற்படையில் சேர்ந்து 1944-ல் நார்மண்டிப் படையெடுப்பிலும் இருந்து யுத்தக் கொடுமைகளை அறிந்தவர், சமூகத்தின் கேட்டுக்கு மூலம் மனித சுபாவத்தின் கேடே என்ற முடிவுக்கு வந்தார். இது பாதிரிமார் சொல்லும் ஜென்ம பாவத்தைத் தவிர வேறென்ன? மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்றால், அவன் தலைமேல் எப்போதும் தடியோடு ஒருவன் நிற்க வேண்டும் என்றுதானே ஏற்படும்? தடி வைத்திருப்பவனுக்கு இதைவிட இனிப்பான தத்துவம் உண்டா? அந்தப் பையன்கள் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களா? பெரியவன் சின்னவனை அடக்குவதும், பிரம்பும், கோயில் அங்கியும் நிறைந்த வளர்ப்பிலிருந்து வந்தவர்கள். அதைச் சுபாவம் என்பது நியாயமா?

இதற்கு நடந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 1965-ல் டோங்கா தேசத்தில் விடுதிப் பள்ளிப் பையன்கள் ஆறு பேர் ஒரு படகைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு கடலில் போய், புயலில் சிக்கி, மனிதரில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் அவர்களைக் கண்டு மீட்டார். முறை வைத்து வேலை செய்தார்கள். மூட்டிய நெருப்பை அணையவிடவில்லை. சண்டை வந்தால் இருவரும் தனித்தனியே விலகிப் போய்க் கோபம் ஆறித் திரும்பினார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப் போட்டு, அவன் வேலையையும் தாங்களே செய்தார்கள். அவர்கள் ஜெபமும் செய்தார்கள். அதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே பயத்தைக் காட்டித் தலைவனானவன் ஒருவனும் இல்லை. அந்தத் தீவு ஜனமற்றுப் போனதும் மிருகத்தாலல்ல. 1863-ல் அடிமை வியாபாரக் கப்பல் ஒன்று வந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களை டோங்கா அரசர் வேறு தீவுக்குக் குடியேற்றினார்.

ஆறு பையன்களைக் கொண்டு மனித சுபாவம் நல்லது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கற்பனைக் கதையொன்றைக் கொண்டு கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல மற்றவர்களுக்கும் உரிமையில்லை என்பதே நம் அபிப்பிராயம். மனிதனுக்குக் கொலையும் செய்ய வரும், கட்டுப் போடவும் வரும். எது வெளிப்படும் என்பது நாம் ஏற்படுத்தும் ஏற்பாட்டையும், நாம் ஒப்புக்கொள்ளும் பயத்தையும் பொறுத்தது.

ஆகவே தோழர்களே! யாராவது ஒரு மிருகத்தைச் சொல்லிப் பயமுறுத்தி, அதற்குப் பங்கு கேட்டால், கை தூக்குவதற்கு முன் பகல் வரட்டும் என்று சொல்லுங்கள். வந்தபின் மலைமேல் ஏறிப் பாருங்கள். ஏறிப் பார்த்துவிட்டு வருகிறவன் சொல்லுவது பிடிக்காவிட்டாலும் அவனை அடிக்காமல் கேளுங்கள். இதைச் சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.