பாஞ்சோவும் பறையும்
(பெசன்ட் நகர் சந்திப்பில் பேசியதிலிருந்து)



நம்ம காலத்துல ஒரு கிறிஸ்துமஸுக்கு கிதாரோட ஒரு பறையும் கொண்டுபோனோம். எந்தக் கோயில்னு கேட்காதீங்க. கிதார் உள்ளே போச்சு. "சாவு மேளம்" என்று பறையை வாசலிலேயே நிறுத்திட்டாங்க. அடிக்க வந்த நண்பன் அதுக்கப்புறம் எங்களோட பாட வரவே இல்லை.

பல வருஷம் கழித்து அமெரிக்காவின் பில் மன்றோ பாடிய இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. கென்டக்கிக்காரர். புளூகிராஸ் என்ற பெயரே அவருடைய குழுவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1958-ல் ஒரு முழு இசைத்தட்டையே ஞானப்பாட்டுகளுக்கு ஒதுக்கினார். அந்த இசையில் கணீரென்று கேட்கும் பாஞ்சோ (நம்மூர் புல்புல்தாராவை அல்ல!) அடிமைகளாகப் போன ஆப்பிரிக்கர்களின் வாத்தியம்.

நம்மிடம் அப்படி ஒருவர் இல்லையா? இருந்தார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்'. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை தந்தார். பாமாலை மேல்நாட்டு மெட்டு. கிராமத்து ஜனங்களின் மெட்டும் பேச்சும் எங்கேன்னு கேட்டவர் அண்ணன். ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார், பறையோடு. பாட்டை ஜனங்கள் மாற்றிப் பாடினா அவருக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான். 2005-ல் மறைந்தார்.

அந்த நண்பன் இன்றைக்கு வந்திருக்கான், கடைசி வரிசையில. சாயங்கால நிகழ்ச்சியை அவன் பறைதான் ஆரம்பிக்குது. கிதார் தம்பிகள் பின்னாலே வாங்க.