தோமாவுக்கு விட்டுவைத்த இடம்
பாஸ்கா காலம் 2ஆம் ஞாயிறு வானொலி மறையுரை (யோவான் 20:19-31)



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம் மனம் தோமாவின் ஐயத்தில்தான் போய் நிற்கிறது. ‘சந்தேகத் தோமா’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டோம். ஆனால் யோவான் சொல்லும் ஒரு சிறு செய்தியைக் கவனியுங்கள். எட்டு நாள்களுக்குப் பின் சீடர்கள் மறுபடியும் உள்ளே கூடியிருக்கிறார்கள். தோமாவும் அவர்களோடு இருக்கிறார்.

எப்படி இருந்தார்? ஆண்டவரைக் கண்டதாக மற்றவர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். உயிர்ப்பு என்பது ஏதோ சின்ன விவகாரம் அல்ல. நம் நம்பிக்கையின் அடித்தளம். அதையே ஏற்காத ஒருவர் ஒரு வாரம் கழித்தும் அவர்கள் நடுவில்தான் இருக்கிறார். அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவர்களும் கதவைச் சாத்தவில்லை. யூதர்களுக்கு அஞ்சிப் பூட்டியிருந்த கதவு, தோமாவுக்கு எதிராகப் பூட்டப்படவில்லை.

நம் அன்பியங்களில் என்ன நடக்கிறது? “செத்தவர் உடலோடு எழுவார் என்பது எனக்கு விளங்கவில்லை, சாமி” என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், மறுபிறவி இருக்கலாம் என்று தோன்றுகிறது என்கிறார். உடனே பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்: “அப்படியென்றால் கோவிலுக்கு ஏன் வருகிறாய்?” அடுத்த வாரம் அந்த நாற்காலி காலியாக இருக்கும். மனதில் கேள்வி உள்ள மற்றவர்களும் அன்றே வாய்மூடக் கற்றுக்கொள்வார்கள்.

பிரான்சு நாட்டில் 1909இல் பிறந்தவர் சிமோன் வெய்ல். யூதக் குடும்பம், கடவுள் பற்றிப் பேசாத வீடு. 1938ஆம் ஆண்டு புனித வாரத்தை சொலேம் துறவு மடத்தில், கடும் தலைவலியோடு, திருவழிபாட்டுப் பாடல்களைக் கேட்டபடி கழித்தார். கிறிஸ்துவின் பாடுகள் அவர் உள்ளத்தில் அங்கே இறங்கின. ஆனாலும் திருச்சபையின் போதனைகள் சிலவற்றை அவரால் ஏற்க முடியவில்லை. பகவத்கீதையிலும் கிரேக்க ஞானிகளிடத்திலும் கடவுளின் குரலைக் கேட்டதாக எண்ணினார். வெளியே நிற்கும் மக்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் உள்ளே நுழைய மனம் வராமல், திருமுழுக்கையும் தள்ளிவைத்தார்.

அவரோடு பேச ஒரு குரு இருந்தார். மார்செய் நகரில் இருந்த தொமினிக்கன் சபைத் தந்தை பெரன். அவர் சிமோனுக்குத் திருமுழுக்கு கொடுக்க ஆசைப்பட்டார். ஆசையை மறைக்கவும் இல்லை. சிமோன் மறுத்தபோது உறவை முறிக்கவும் இல்லை. அந்த நட்பில் பிறந்த கடிதங்கள்தான், 1943இல் சிமோன் தம் 34ஆம் வயதில் இறந்த பிறகு நூலாகி, இன்றுவரை பலரைச் செபிக்கத் தூண்டுகின்றன.

எதையும் நம்பலாம், எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை அறிக்கை நம் வசதிக்கு வளைகிற கம்பி அல்ல. நற்கருணை வாங்கும்போது சொல்லும் ‘ஆமென்’ உண்மையாகச் சொல்லப்பட வேண்டும். அதை இன்று சொல்ல முடியாதவர் இருக்கையிலேயே அமர்ந்து செபிக்கலாம். அதில் வெட்கம் இல்லை. அவரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணால் எடைபோடுவதுதான் நமக்கு வெட்கம். பாடற்குழு, வின்சென்ட் தே பவுல் சபையின் ஏழை வீட்டுச் சந்திப்பு, துக்க வீட்டுச் செபமாலை, இவை எல்லாம் அவருக்கும் திறந்த வாசல்கள்.

கேள்விகளோடு இருப்பவரே, உமக்கு ஒரு வார்த்தை. தோமா இல்லாததை இருப்பதாக நடிக்கவில்லை. ஆனால் தனியாகவும் போய்விடவில்லை. மகதலா மரியாவுக்குத் தோட்டத்தில் தோன்றிய இயேசு, தோமாவை எங்கோ ஒரு தெருவில் தனியே சந்தித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கூட்டத்தின் நடுவில், எல்லாருக்கும் சமாதானம் சொல்லிவிட்டு, பிறகே அவரிடம் திரும்பினார். நம் மண்ணில் மயிலையிலும் பரங்கிமலையிலும் நாம் வணங்கி நினைவுகூரும் திருத்தூதர், அந்த எட்டு நாள் எழுந்து போயிருந்தால்?

நம்புகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தோமாவை நம்பவைத்தது சீடர்களின் வாதம் அல்ல, ஆண்டவரின் காயம். வாதாடி வெல்வது நம் வேலை இல்லை. ஆண்டவர் வரும்வரை அவரை நம்மோடு வைத்திருப்பதுதான் நம் வேலை. கலிலேய மலையில் உயிர்த்த ஆண்டவரை வணங்கியவர்களிலும் சிலர் ஐயுற்றார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களை ஒதுக்கிவிட்டா இயேசு உலகெங்கும் போகச் சொன்னார்? இல்லையே.

இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் வராமல் நின்றுவிட்ட ஒருவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று விசாரிக்க அல்ல. ‘உங்கள் இடம் அப்படியே இருக்கிறது’ என்று சொல்ல.

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் எல்லாரோடும் இருப்பதாக. ஆமென்.