உலோக ஒவ்வாமையும் கடைத்தெருவும்

காது குத்துதல் நம் குடும்பங்களிலே ஒரு சிறிய மங்கல நிகழ்ச்சி. மாமன் மடியில் இருத்திக் குழந்தையின் காதிலே பொற்றோடு அணிவிப்பது நம் முன்னோர் கண்ட முறை. பொன்னின் விலை ஏறிவிட்ட இக்காலத்தில், வன்னிக் கிராமங்களிலும் பலர் முதற்றோடாகவே கவரிங் தோட்டை இட்டுவிடுகின்றனர். வறுமையைக் குறைகூற நான் வரவில்லை. அத்தோட்டின் வழியாக வரக்கூடிய ஒரு துன்பத்தைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

அத்துன்பம் உலோக ஒவ்வாமை எனப்படும். பெரும்பாலும் அதற்குக் காரணமாயிருப்பது நிக்கல். செம்புத் தாதுபோலத் தோன்றியும் செம்பு தராத ஒரு கல்லை ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் பேயின் செம்பு என்று ஏசினர். 1751 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் கண்டறிந்த புதிய உலோகத்துக்கு அந்த வசைமொழியே பெயராயிற்று. நீர் வடியும் பிஞ்சுக் காதுகளைக் காணும்போது, அவ்வேச்சு பொருத்தமானதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வியர்வையிலுள்ள உப்பு நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றது. கரைந்தது தோலினுள் ஊறிச் செல்ல, உடலின் காவற்படை அதனைப் பகையென நினைவில் நிறுத்திக்கொள்கின்றது. அந்த நினைவு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அழிவதில்லை. பின்னர் நிக்கல் பட்டால் உடனே அன்றி, ஒன்றிரண்டு நாள் கழித்தே அரிப்பும் தடிப்பும் தோன்றும். இந்தத் தாமதமே தாய்மாரை ஏமாற்றிவிடுகின்றது. கொப்பூழுக்குக் கீழே சொறிந்துகொண்டு வகுப்பிலே இருக்கும் மாணவனுக்கு வீட்டிலே படர்தாமரைக் களிம்பு பூசுவர், வெயிற்சூடு என்பர். இடைப்பட்டியின் கொளுக்கியையோ காற்சட்டைப் பொத்தானையோ எவரும் ஐயுறுவதில்லை. வெயில் காலத்தில் வியர்வை மிகுதலால் நோயும் மிகும். ஆகவே சூடு என்ற முடிவு மேலும் உறுதிப்பட்டுவிடும்!

இனிக் கடைக்குச் செல்வோம். கரடிப்போக்குச் சந்தியிலாயினும், கிளிநொச்சிச் சந்தையிலாயினும், வற்றாப்பளைப் பொங்கற் காலத்துக் கடைகளிலாயினும், பொருளின் பெயரை நம்பி வாங்குதல் ஆகாது. ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படுவதில் வெள்ளி அணுவளவும் இல்லை. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை. பொன்முலாம் பூசிய நகையிலே முலாமுக்கு அடியில் நிக்கற் பூச்சு இருத்தல் வழக்கம். மேற்பூச்சுத் தேய்ந்ததும் அடிப்பூச்சுத் தோலைத் தொடும். ஆறு மாதம் தொல்லையின்றி அணிந்த சங்கிலி ஏழாம் மாதம் கழுத்தை அரிப்பதன் மருமம் பல வேளைகளில் இதுவே. வெள்ளைத் தங்கத்திலும் நிக்கல் கலப்பதுண்டு. இருபத்திரண்டு கரற் மஞ்சட் பொன்னிலே நூற்றுக்கு 91.6 பங்கு பொன். எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியுமே. ஆயினும் தோடு பொன்னாயிருக்க, அதன் சுரை வேறு உலோகமாயிருக்கலாம். தட்டாரிடம் சுரையையும் தண்டையும் தனியே கேட்டு வாங்குங்கள். பொன் இயலாதவர்க்குத் தைத்தானியத் தோடு நல்லது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் கூறுவர். அது பயன்படாது. இரும்பும் காந்தத்தில் ஒட்டும். நிக்கல் கலந்த உலோகங்கள் பல ஒட்டா. இரசாயன ஆசிரியர்கள் நன்கறிந்த டைமெதில்கிளையொக்சைம் என்னும் பொருளின் கரைசலும் அமோனியாவும் தோய்த்த பஞ்சினால் உலோகத்தைத் தேய்த்தால், நிக்கல் வெளிப்படுமிடத்துப் பஞ்சு இளஞ்சிவப்பாகும். அதுவே தக்க சோதனை. தோலிலே ஐயமிருந்தால் தோல்நோய் வைத்திய நிபுணர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து, இரண்டு நாட்களின் பின் பார்த்துக் கூறுவார்.

நாம் சில்வர் என வழங்கும் சமையற் பாத்திரம் கறையில்லா உருக்கு. அதில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கோ அதற்கு மேலோ நிக்கல் இருப்பினும், அது இறுகப் பிணைந்திருப்பதால் தொடுவதனால் அநேகமாகத் தீங்கில்லை. புத்தம்புதிய சட்டியிலே புளிக்கறியை நெடுநேரம் கொதிக்க வைத்தால் மட்டும் சிறிது கரையும். சில முறை சமைத்தபின் அதுவும் குறையும். கடும் ஒவ்வாமை உள்ளவர் புளிக்கறிக்கு மண்சட்டியையே வைத்துக்கொள்ளலாம். மீன்குழம்பின் சுவைக்கும் அதுவே உகந்தது என்பது என் துணிபு.

கைக்கடிகாரத்தின் அடிப்புறம், மூக்குக்கண்ணாடிச் சட்டம், சட்டையூசி, திறப்புக்கோவை ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். பொத்தானின் உட்புறத்திலே துணி வைத்துத் தைத்துவிடலாம். நிறமில்லா நகப்பூச்சைப் பூசுவோரும் உளர். அது சில நாட்களில் உரிந்துவிடும்.

டென்மார்க்கில் 1990 ஆம் ஆண்டிலே இப்பொருள்களிலிருந்து வெளியேறும் நிக்கலுக்குச் சட்டத்தால் எல்லை வகுத்தனர். 1994 இல் ஐரோப்பிய ஒன்றியமும் நெறிமுறை ஒன்றைப் பிறப்பித்தது. அதன்பின் காது குத்திய டேனிய இளம்பெண்களிடம் இவ்வொவ்வாமை குறைந்தமை ஆய்வுகளிலே தெரியவந்தது. நம் கடைகளிலோ பொருளின் அட்டை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. விற்பவரிடம் கேட்கும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஆடவர்க்கும் ஒரு சொல். சீமெந்திலே கரையக்கூடிய குரோமியம் உண்டு. தோற்செருப்பைப் பதனிடவும் குரோமிய உப்பே பயன்படுகின்றது. சீமெந்து வேலையால் கைகள் வெடித்து ஒவ்வாமை கொண்ட மேசன்மார்க்கு, பின்னர் புதுச் செருப்பும் காலிலே கொப்புளம் எழுப்பக்கூடும். அவர்கள் கையுறையோடு சீமெந்து குழைத்து, மதிய உணவுக்கு முன்னரே கையை நன்கு கழுவி, காலுக்கு இறப்பர்ச் செருப்பை வாங்கிக்கொள்வது நலம்.